'ஏன்' என்பதையும் எழுதச் சொல்லுங்கள்

மகிழ்ச்சியைக் கூட்டும் பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரையில், அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களைத் தினமும் இரவு எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், சரி, ஆனால் முக்கியமான பாதி விட்டுப்போயிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதச் சொன்னார்கள். பயிற்சி ஒரு வாரம்தான், ஆனாலும் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது.

கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் என் அக்கா பழைய பால் கணக்கு நோட்டில் எழுதுகிறார். 'மழைக்கு முன்னாடியே இலை எடை போட்டாச்சு' என்பதோடு நிறுத்தாமல், 'மூட்டை தூக்க பக்கத்து வரிசைக்காரங்க கை கொடுத்தாங்க, அதனால' என்று சேர்க்கும்போதுதான் தனக்கு யார் யார் துணை என்பது அவருக்கே தெரியவருகிறது.

அப்புறம், தினமும் எழுதியாக வேண்டும் என்பதில்லை. உளவியலாளர் சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவின் ஆய்வில், நன்றிக்குரிய விஷயங்களை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன், மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. இதையும் கட்டுரையில் சேருங்கள்.