அந்த 72 மணி நேரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள். பரவாயில்லை, படிக்கட்டும்.

2016. சென்னை துரைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரூம்மேட் என்னை எழுப்பி, "மெடிக்கல் ஷாப் வரைக்கும் கூட வர்றியா?" என்றாள். முந்தின ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவசரக் கருத்தடை மாத்திரை வாங்க வேண்டும். அந்தப் பையனோடு அவளுக்குக் காதல் என்று எதுவும் இல்லை. ஆறு மாதமாக அவ்வப்போது சந்திப்பார்கள், கல்யாணப் பேச்சு கிடையாது, இரண்டு பேருக்கும் அது தெரியும். இப்போது சிச்சுவேஷன்ஷிப் என்கிறார்கள். அப்போது எங்களிடம் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

முதல் கடைக்காரர் "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்லைம்மா" என்றார். இரண்டாவது கடையில் இருந்தவர் வாயே திறக்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்தார், அப்புறம் எட்டிக் கால் விரலைப் பார்த்தார். மூன்றாவது கடையில் பக்கத்தில் வயதான ஒருவர் நின்றிருந்தார். அவள் ஒரு பாராசிட்டமால் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். வெயிலில் நின்று அவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மதியம் மெசேஜ் வந்தது: "நாம கேஷுவல்னுதானே பேசிக்கிட்டோம். ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகுற?"

அந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்பதுதான் நாட்டின் விதி. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பல வருடங்களாக அதைப் பார்ப்பதே அபூர்வம். கடைசியில் பெங்களூரிலிருந்து திரும்பிய ஒரு தோழி திங்கட்கிழமை ராத்திரி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் 48 மணி நேரம் ஓடிவிட்டது. அடுத்த மூன்று வாரம் அவள் தினமும் ஆபீசுக்குப் போனாள், எங்களோடு சிரித்தாள், ராத்திரி மட்டும் காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எனக்கு அவள் மேல் அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அந்த மெசேஜ்தான் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் 24, 25 வயதுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட உறவுகளைப் பற்றியெல்லாம் என்னிடம் தயங்காமல் பேசுகிறார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வெட்கமே இல்லை" என்று பெரியவர்கள் மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வொன்று இருக்கிறது. ஒரு பெண் சொன்னாள்: "அக்கா, எனக்கு இது போதும். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்." அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள், அதை நான் நம்புகிறேன். ஒரு பையன் "ஃபீலிங்ஸ் வந்துடுச்சுன்னு சொன்னா போயிடுவாளோன்னு பயமா இருக்குக்கா" என்றான். நண்பர்களிடம் சொன்னால் கிண்டல் செய்வார்களாம். நான்கு மாதமாக மனசில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறான்.

என்னை அதிகம் உலுக்கியது இன்னொரு பெண் சொன்னதுதான். கல்லூரியிலிருந்து ஐந்து வருடம் காதலித்தவள். வீட்டில் பையனின் சாதி தெரிந்த அன்றே எல்லாம் முடிந்தது. "இனிமே லவ் பண்ண மாட்டேன் அக்கா. கல்யாணம் வீட்ல பார்க்கிறவரோடதான் நடக்கப்போகுது. அதுவரைக்கும் யாரு மேலயும் ஆசை வைக்காம இருந்தா வலிக்காதுல்ல?" என்றாள். மேல்நாட்டு மோகம், போன், ஆப் என்று நாம் என்னென்னவோ காரணம் சொல்கிறோம். காதலித்தால் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, பறிகொடுத்தாலும் வலிக்காத அளவுக்கு மட்டும் நெருங்கிக்கொள்ளும் பிள்ளைகளை நம் வீடுகள்தான் உண்டாக்குகின்றன. இதைச் சொன்னால் என் பெரியம்மாவே என்னோடு பேச மாட்டார். ஆனாலும் சொல்கிறேன்.

2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பேட்டியில் பேசியது நினைவிருக்கும். நான் அப்போது எட்டாம் வகுப்பு. தெருவில் துடைப்பத்தையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு போராடியதை டிவியில் பார்த்தேன். மாநிலம் முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. ஆனால் திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அதே பேட்டியில் சொல்லியிருந்தார். அந்த வரியை யார் காதில் வாங்கினார்கள்? ஒழுக்கத்தைப் பற்றி ஐந்து வருடம் கத்தினோம். என் ரூம்மேட்டுக்கு ஒரு மாத்திரை கிடைக்கவில்லை.

சட்டம் நம்மைவிட முன்னால் போய்விட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும், கல்யாணம் ஆன பெண்ணைப் போலவே, சட்டம் அனுமதிக்கும் சூழ்நிலைகளில் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது எத்தனை பெண்களுக்குத் தெரியும்? தெரியாததால்தான் அவர்கள் பயந்துபோய் யாரிடமோ எதையோ வாங்கி விழுங்குகிறார்கள்.

பையன்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது உங்கள் உரிமை, அது நேர்மையும்கூட. ஆனால் அவள் மூன்று கடை ஏறி இறங்கும்போது போனை எடுக்காமல் இருக்க அது அனுமதி தராது. ஆணுறை கிழிந்தது இரண்டு பேருக்கும்தான். மாத்திரை தேடி அலைவதில் பாதி உங்கள் வேலை. பெண்களிலும் சிலர் மனசு மாறிவிட்டால் பதிலே சொல்லாமல் பையனைப் பிளாக் செய்துவிட்டுப் போகிறார்கள். "எனக்கு இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? அதற்குக்கூட அவன் தகுதியில்லாதவனா?

போன மாதம் அந்த 'இது போதும்' பெண் ராத்திரி போன் செய்தாள். "டெஸ்ட் எடுத்துக்கலாமான்னு அவன்கிட்ட கேட்டேன் அக்கா, என்னைச் சந்தேகப்படுறியான்னு கோபமா போயிட்டான்." நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்று போர்டு இருக்கும், எச்ஐவி டெஸ்ட் இலவசம், வெளியே சொல்ல மாட்டார்கள், தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் வருகிறேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவளே போட்டோ அனுப்பினாள். ஆஸ்பத்திரி பெஞ்சு, அதில் இரண்டு ஜோடிச் செருப்புக் கால்கள். "அவனும் வந்திருக்கான் அக்கா. எனக்கு முன்னாடி அவன்தான் டோக்கன் வாங்கினான்."