எஃகு எரியாது, ஆனால் தளரும்

"எஃகு தீப்பிடிக்காது, அதனால் உயரமான கட்டடத்துக்கு எஃகுத் தூண்தான் பாதுகாப்பு" என்று சிலர் சொல்வது ஆபத்தான பாதி உண்மை. எரியாது, சரி. ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் எஃகின் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். பாரம் சுமக்கும் தூண் வளைய அது போதும். அதனால்தான் சூட்டில் நுரைபோல உப்பும் பெயின்ட்டோ ஜிப்சம் பலகை உறையோ போடுகிறார்கள். கான்கிரீட் தூணில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் படலமான கவரே அந்த வேலையைச் செய்கிறது. கம்பியைத் தள்ளி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல், கான்கிரீட் ஊற்ற அடிக்கும் சென்ட்ரிங் பலகையை ஒட்டிக் கம்பி நின்றால் அந்தப் பாதுகாப்பும் கைவிட்டுவிடும், தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

அப்புறம், உயரம் என்றாலே எஃகு என்பதும் சரியில்லை. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா 156வது தளம் வரை கான்கிரீட்தான். அதற்கு மேல்தான் எஃகு. மெலிந்த தூண், சீக்கிரம் முடியும் வேலை வேண்டுமென்றால் எஃகைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.