குழாய்க் காட்டுக்கு மெஷ் எதுக்குங்க?

ஒலி அலை பல தடைகளில் பட்டுச் சிதறுவதைக் கணக்கிட வேண்டும் என்றதும் நம்மில் பலர் முதலில் திறப்பது ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைத்தான்: வெளி முழுவதையும் சின்னச் சின்னத் துண்டுகளாக (எலிமென்ட்) வெட்டி, அந்த வலையில் (மெஷ்) கணக்குப் போடும் முறை. தடைகள் எல்லாம் வட்டக் குழாய்கள் என்றால் அது வீண் வேலை என்பது என் கட்சி.

மாட்ரிட்டில் ஸ்பானியச் சிற்பி யூசெபியோ செம்பெரே செய்த சிற்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.9 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் குழாய்கள், மையத்துக்கு மையம் 10 செ.மீ., சதுரக் கட்டமாக நிற்கின்றன. 1670 ஹெர்ட்ஸில் ஒலி நன்றாக அடங்குவதை அளந்து 1995இல் 'நேச்சர்' இதழில் போட்டார்கள். அங்கே அலைநீளம் சுமார் 20.5 செ.மீ. 'அலைநீளத்துக்குப் பத்து எலிமென்ட்' என்ற வாய்ப்பாட்டை நம்பி 2 செ.மீ. மெஷ் போட்டால், 9.1 செ.மீ. சுற்றளவுள்ள குழாய் நாலைந்து பக்கமுள்ள கோணல் பெட்டியாகிவிடும். இங்கே மெஷ்ஷின் அளவைத் தீர்மானிப்பது அலை அல்ல, குழாய்.

மாற்று வழி பழசு. ஒவ்வொரு குழாயும் சிதறடிக்கும் அலையை ஹாங்கெல் சார்புகளின் (மையத்திலிருந்து வெளியே பரவும் வட்ட அலைகளைக் குறிக்கும் சார்புகள்) தொடராக எழுதுங்கள். ஒரு மையத்தைச் சுற்றி எழுதிய அலையை வேறொரு மையத்தைச் சுற்றி எழுத உதவும் கிராஃபின் கூட்டல் தேற்றத்தால் அதை மற்ற குழாய்களின் மையத்துக்கு மாற்றுங்கள். குழாய்ச் சுவரில், சுவருக்குக் குத்தான திசையில் காற்றின் திசைவேகம் பூஜ்யம் என்று வைத்தால் நேரியல் சமன்பாடுகள் தயார். அலை எண்ணை (2π ÷ அலைநீளம்) ஆரத்தால் பெருக்கினால் இங்கே 0.44தான், அதனால் தொடரில் −4 முதல் +4 வரை ஒன்பது உறுப்புகள் போதும். 100 குழாய்க்கு 900 மாறிகள், மேட்ரிக்ஸ் 13 எம்பி. சாதா லேப்டாப்பே தாங்கும்.

'கூடவே இருக்கட்டும்' என்று ±4ஐ விட்டு ±40ஆவது உறுப்பு வரை போகாதீர்கள். சுவரில் அந்த ஹாங்கெல் சார்பு 10இன் 70ஆவது அடுக்கையும் தாண்டும். மாறிகளை அதற்கேற்ப அளவு திருத்தாவிட்டால் 16 இலக்கத் துல்லியம் கரைந்துபோய் விடை குப்பையாகும்.

இன்னொன்று: ஆற்றல் கணக்கு (வந்த ஒலி ஆற்றலும் போன ஆற்றலும் சமம் என்பது) பொருந்திவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். இந்த முறையில் உறுப்புகளை எங்கே வெட்டினாலும் அது பொருந்தும், கணித அமைப்பே அப்படி. கோணத்தையோ குறியையோ தப்பாக எழுதியிருந்தால் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். உறுப்பு போதுமா என்று பார்க்க, இரண்டு கூட்டி ஓட்டி அழுத்தத்தை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு குழாயாக எதிரொலியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையும் ஆபத்து: குழாய்கள் நெருங்கினால் தொடர் ஒரு விடையில் நிற்காமல் விரிந்து ஓடும். சமன்பாடுகளை நேரடியாகவோ ஜிஎம்ரெஸ் (GMRES, சுற்றுச் சுற்றாக விடையை நெருங்கும் முறை) கொண்டோ தீர்ப்பதே நல்லது.

வட்டமில்லாத வடிவமென்றால், பொருளின் மேற்பரப்பை மட்டும் துண்டு போடும் எல்லை எலிமென்ட் முறைக்குப் போகலாம், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. 15 செ.மீ. ஆரமுள்ள கெட்டி உருளையை வைத்தே சோதியுங்கள். 875 ஹெர்ட்ஸ் வாக்கில் வரைபடத்தில் ஒரு கூரான முள் எழும். அதை ஒத்ததிர்வு என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். உருளைக்கு உள்ளே கற்பனையாக இருக்கும் வெளியின் அதிர்வெண் அது. எல்லா உருளையும் ஒரே அளவென்றால் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து சொதப்பும். 1971இல் வந்த பர்ட்டன்–மில்லர் சமன்பாடு இதற்கு மருந்து. அதில் வரும் கற்பனை எண் (i) பெருக்கியின் கூட்டல்/கழித்தல் குறி, அலை காலத்தோடு மாறுவதை நீங்கள் எழுதிய விதத்தோடு (e^(iωt)ஆ, e^(−iωt)ஆ) ஒத்துப்போக வேண்டும். குறி மாறிவிட்டாலும் முள் போகும்; ஆனால் ஜிஎம்ரெஸ் சுற்றுகள் ஏறிக்கொண்டே இருக்கும், ஏன் என்று தேடி ஒரு வாரம் போய்விடும்.