கறியைக் கொஞ்சம் சுட விடுங்களேன்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள சப்போரோவுக்கு வந்துவிட்டு ஜிங்கிஸ்கான் சாப்பிடாமல் போக மனசு வராது. ஆட்டுக்கறியை மேசையிலேயே சுட்டுச் சாப்பிடும் உணவு. 2004-இல் ஹொக்கைடோவின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகவே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த இரும்புச் சட்டியைப் பார்க்க வேண்டும். கவிழ்த்த கிண்ணம் போல நடுவில் மேடு. உச்சியில் ஒரு துண்டு வெள்ளைக் கொழுப்பை வைத்தால் அது உருகி மெல்ல வழியும். சுற்றிலும் ஓரத்துப் பள்ளத்தில் வெங்காயம், முளைப்பயறு. மேட்டில் சுடும் கறியின் சாறு இறங்கி அந்தக் காய்களில் ஊறும். சட்டிக்கு அந்த வடிவம் இருப்பதே அதற்காகத்தான்!

நேற்று என்னோடு வந்தவர்கள் உட்கார்ந்ததும் தட்டுக் கறியை அப்படியே கொட்டினார்கள். சட்டி சூடேறவே இல்லை, கொழுப்பு பாதிகூட உருகவில்லை. சுர்ரென்று ஒரு சத்தம் வர வேண்டாமா? கறி தண்ணீர் விட்டுச் சாம்பல் நிறத்தில் அவிந்து கிடந்தது. கேட்டால், 90 நிமிடம்தான் நேரமாம், அதற்குள் எத்தனை தட்டு முடியுமோ அத்தனை தட்டாம்.

மெல்லிய துண்டு அது. நாலைந்தாகப் போட்டால் ஓரிரு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகிவிடும். எடுத்து சோயா சாஸ் கலந்த தாரே என்னும் தொடுசாற்றில் தொட்டுச் சுடச்சுடச் சாப்பிடலாம். இதற்குக்கூடப் பொறுமை இல்லையா? எனக்கு வயிறே எரிந்தது. கோட்டெல்லாம் புகை வாசனை, வாயில் மட்டும் அவித்த கறி.