முதல் பட்டதாரிச் சலுகை முழு விலக்கு அன்று
‘முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் தனியார் பொறியியல் கல்லூரியில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேருபவருக்காக 2010-இல் தமிழக அரசு கொண்டுவந்த அந்தச் சலுகை, அரசு நடத்தும் சேர்க்கைக் கலந்தாய்வின் வழியே சேருபவர்களுக்கு, அதுவும் கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. விடுதி, பேருந்துக் கட்டணங்களை நாம்தான் கட்ட வேண்டும். சான்றிதழை மட்டும் நம்பி வந்து, சேர்க்கை நாளில் பேருந்துக் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற ஒரு தந்தையைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

நண்பர் குறிப்பிடுவது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடாக இருக்கலாம். அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது.