பையனின் வயதைத் தண்டனையில் பாருங்கள், சாட்சியத்தில் பார்க்காதீர்கள்

நேற்று ராத்திரி டிவி விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏழு வயதுக் குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பையனை மேல்முறையீட்டில் விடுவித்தது சரிதான் என்று பேச வந்த வக்கீல், "ஏழு வயசுக் குழந்தை சொல்றதை வச்சு ஒரு பையனோட எதிர்காலத்தை முடிச்சுடலாமா?" என்று கேட்டார். நெறியாளரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குழந்தை சொல்வது உண்மையா என்பது ஒரு கேள்வி. உண்மை என்றால் பையனை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிட்டார். இரண்டாவது கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சிறார் என்றால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி வழக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் போய்விடும். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அதிகபட்சம் 3 வருடம் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். 16 வயது முடிந்தவர்மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் மட்டும், செய்வதன் விளைவு புரியும் மனப்பக்குவம் இருந்ததா என்று முதற்கட்ட மதிப்பீடு செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கேயும் தூக்கு கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

இதற்கெல்லாம் நான் எதிரி இல்லை. பதினைந்து வயதுப் பையன் திருந்துவான் என்று நம்புகிறவள்தான். ஆனால் வயதுக்கான சலுகையைத் தண்டனையில் கொடுத்தாகிவிட்டது. சாட்சியத்தை எடைபோடும்போது அதையே இன்னொரு முறை கொடுத்தால், அது அந்தக் குழந்தையிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வழக்கில் ஒரு குழந்தைக்கு ஆதரவு நபராக, அதாவது விசாரணையில் கூடவே இருக்கும் துணையாக, போயிருந்தேன். அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் எழுத மாட்டேன், சட்டமும் விடாது. குறுக்கு விசாரணையில் தேதி கேட்டார்கள். தெரியாது என்றாள். மணி? தெரியாது. "முதல்ல சாயங்காலம்னு சொன்னே, இப்ப ஸ்கூல் விட்டு வந்ததும்னு சொல்றே, எதும்மா உண்மை?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே குழந்தை, தாழ்ப்பாள் எட்டாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியதையும், அந்த ஸ்டூலின் ஒரு கால் ஆடியதையும் யாரும் கேட்காமலே சொல்லியிருந்தாள். குழுமம் அவளை நம்பியது. பையனை விடுவித்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில் 'சாயங்கால' முரண்பாட்டுக்கு ஒரு பத்தி முழுதாக இருந்தது. ஸ்டூலைப் பற்றி ஒரு வரி இல்லை.

மேல்முறையீட்டு நீதிபதி கையில் இருப்பது தட்டச்சு செய்த தாள். அதில் 'தெரியாது' என்று இருக்கும். அதைச் சொல்வதற்கு முன் அவள் எவ்வளவு நேரம் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள் என்பது இருக்காது. நேரில் பார்த்தவர்கள் நம்பியதைத் தாளை மட்டும் பார்த்துத் தள்ளுவதென்றால், அதற்கு வலுவான காரணம் வேண்டாமா?

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எட்டு வயதுச் சிறுமி பாதிக்கப்பட்ட ராமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில், வேறு ஆதாரம் இருந்தே தீர வேண்டும் என்பது சட்ட விதி கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி எழுபது வருடத்துக்கு மேலாகிறது. 2019-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று அங்கே போனது. எதிரே இருப்பவர்கள் யார் என்று சொல்லத் தெரியவில்லை என்பதற்காக, இரண்டு குழந்தைகள் சாட்சி சொல்லவே தகுதியில்லாதவர்கள் என்று விசாரணை நீதிமன்றம் ஒதுக்கியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசக் கொலை வழக்கு ஒன்றில், கொல்லப்பட்டவரின் ஏழு வயது மகளின் சாட்சியத்தை நம்பி, உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது என்றும் தெளிவாகச் சொன்னது.

"குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்க வருவீர்கள். கொடுத்திருக்கலாம். அதைச் சோதித்துப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. சொல்லிக் கொடுத்தவர்கள் தேதியைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "புகார் ஏன் தாமதம்?" பையன் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை, அதனால் தாமதம். "பொய் வழக்கே வராதா?" வரும். நியாயமான சந்தேகம் இருந்தால் விடுவியுங்கள், நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகம் சாட்சியத்திலிருந்து வரட்டும். பையனின் மார்க் ஷீட்டைப் பார்த்து வர வேண்டாம்.

எதிர்காலம், எதிர்காலம் என்று அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பேசினார்கள்! ஒரு தடவைகூட யாரும் அந்தக் குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் கூடப் போன குழந்தை பள்ளிக்கூடம் மாறினாள். பையன் அதே தெருவில்தான் இருந்தான். அதற்கு மேல் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது, தீர்ப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம் என்றார்கள். மறுபடி வக்கீல், மறுபடி அலைச்சல், மறுபடி அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் பேசுவது. அவள் அப்பா, "போதும்மா, விட்டுடலாம்" என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நேற்றுப் பேசிய அந்த வக்கீலே சொல்லட்டும்.