அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா?

பேனர் விவகாரம் எல்லோருக்கும் தெரியும், முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. ஊர்ப் பெயரையும் எழுத மாட்டேன். அந்தக் குடும்பம் அங்கேதான் குடியிருக்க வேண்டும். நான் எழுதிய சில வரிகளுக்கு இரண்டு நாளாக வசவு வந்துகொண்டிருக்கிறது. வசவில் ஒன்றுகூட என் கேள்விக்குப் பதில் இல்லை என்பதால் மறுபடியும் கேட்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண்ணின் படத்தைச் சாதிச் சங்கக் கொடியின் நிறத்தில் அடித்து, ‘நம் குலவிளக்கு’ என்று போட்டு, தலைவர்கள் படத்துக்கு நடுவே அவளை நிறுத்தி, பஸ் நிறுத்தத்தில் கட்டினீர்களே, அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா?

கேட்கவில்லை. அவளுடைய அப்பா வந்து, ‘மகள் வேண்டாம் என்கிறாள், கழற்றிவிடுங்கள்’ என்று கும்பிட்டுச் சொன்ன பிறகும் கழற்றவில்லை. ‘சொந்தச் சாதியைச் சொல்ல வெட்கப்படுகிறாயா’ என்று நடுத்தெருவில் அந்த மனிதரைக் கேட்டிருக்கிறார்கள். மகள் நன்றாகப் படித்ததற்கு ஒரு தகப்பனுக்குக் கிடைத்த மரியாதை இது.

சாயங்காலம் பள்ளி விட்ட பிறகும் அவளை இருத்திவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை வேறு மதத்தவர். அவர் படம் அந்தப் பேனரில் இல்லை. பரீட்சை நாட்களில் அவளைத் தன் பைக்கில் கொண்டுபோய் விட்ட பக்கத்து வீட்டு அண்ணன் வேறு சாதி. அவர் பெயரும் இல்லை. அவள் எட்டாம் வகுப்போடு நின்றுபோக இருந்த வருடத்தில் இந்தச் சங்கம் எங்கே இருந்தது?

‘பெருமைப்படுவதில் என்ன தப்பு அண்ணாச்சி?’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெருமை அவளுடையது தம்பி. ‘அடுத்த சங்கம் கட்டும்போது எங்கே போனாய்?’ என்று இன்னொருவர். அவர்களையும் கேட்கிறேன், இதோ எழுத்திலேயே கேட்கிறேன், போதுமா?

மூன்றாவது கேள்விதான் எனக்கு வலித்தது, ஏனென்றால் அதைக் கேட்டவர் நான் மதிக்கிற நண்பர். ‘மனிதன், மானுடம் என்று பொதுவாகப் பேசுவது சுகமாக இருப்பவர்களின் பேச்சு. அடிபட்டவனுக்கு அவன் அடையாளம்தான் கைத்தடி’ என்கிறார். இதைத் தள்ளிவிட முடியாது. நம் திருநெல்வேலி ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது. சுதந்திரப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலப் பள்ளி தேசத்துக்குப் பொது என்று சொல்லித்தான் எல்லோரிடமும் நிதி வாங்கியது. உள்ளே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது. பொது என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் 1920களில், அன்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கேட்டது என்ன? எங்களுக்கும் ஒரு தனிப்பந்தி கொடு என்றா கேட்டார்கள்? ஒரே பந்தி கேட்டார்கள். ஒடுக்கப்பட்டவன் தன் பெயரைச் சொல்லி உரிமை கேட்பதும், இட ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் காட்டுவதும், எல்லோருக்கும் உள்ளது தனக்கும் வேண்டும் என்பதற்காக. அதை நான் எப்போது மறுத்தேன்? அந்த நியாயத்தைக் கொண்டுவந்து இந்தப் பேனருக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். அவள் எந்த உரிமையையும் கேட்டு அந்தப் படத்தில் நிற்கவில்லை. அவளை நிறுத்தினீர்கள்.

பெரிய மனிதர்களையே நாம் விட்டுவைக்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தபோது திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அன்று கடையடைத்தவன் அவர் என்ன சாதி என்று பார்த்தா அடைத்தான்? இன்று அவர் பிறந்த நாளுக்கு யார் யார் பேனர் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். 1997இல் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரத்தில் ரத்தம் ஓடிய பிறகு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசே எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் வெறும் திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. ஒரு பெயரைப் பஸ்ஸில் எழுதி ஓட்ட முடியாத நிலைக்கு ஊரைக் கொண்டுபோய் விட்டவர்கள் இப்போது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலுக்கு வந்திருக்கிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் அம்மா பீடி சுற்றியவள். அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி சுளகைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கடையில் கொடுத்த இலை பற்றாத வாரம் ஒருத்திக்கொருத்தி இலை கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். எனக்கு அம்மை போட்டபோது அவள்தான் வேப்பிலை கொண்டுவந்து கூடவே இருந்தாள். தொண்ணூறுகளில் கலவரம் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரு சண்டையும் இல்லை. அந்தத் தெருவுக்குப் போகாதே என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள், எங்கள் தெருவிலும் அதையே சொன்னார்கள். வருவது நின்றது. அம்மா இறந்த அன்று அத்தை தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாளாம். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அடையாளம் பலம் என்று எனக்கு வகுப்பெடுக்கிறவர்கள் அந்த இரண்டு பெண்களுக்கும் என்ன பலம் கொடுத்தார்கள் என்று சொல்லட்டும்.

‘பேனர்தானே, கத்தியா?’ என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதி வெறியில் அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வெட்டியது யாரோ ரௌடிகள் அல்ல, உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உடனே எத்தனை பேருக்குக் கோபம் வந்தது! பையன் கையில் கயிற்றின் நிறமும் அந்தப் பேனரின் நிறமும் ஒரே நிறம்தான். அவன் அதை எங்கே பார்த்துக் கற்றுக்கொள்கிறான்? பஸ் நிறுத்தத்தில் தினமும் பார்க்கிறான். நாளைக்கு அவள் கல்லூரிக்குப் போவாள், அங்கே அவள் வாய் திறப்பதற்கு முன்பே ‘நீ இன்னார் வீட்டுப் பிள்ளைதானே’ என்று பத்துப் பேர் நட்பாகவும் பத்துப் பேர் பகையாகவும் நிற்பார்கள். இதைத்தான் பரிசாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

என்னை நட்பிலிருந்து நீக்குவதாக மிரட்டுபவர்கள் தாராளமாக நீக்கிக்கொள்ளுங்கள். என்னைச் சங்கடப்படுத்துவது அவர்கள் அல்ல. உள்பெட்டியில் வந்து ‘நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி’ என்று எழுதிவிட்டு, பதிவின் கீழே ஒரு வார்த்தை எழுதாமல் போன நண்பர்கள் இருக்கிறீர்களே, உங்களுக்கு அதே ஊரில் சொந்தம் இருக்கிறது, சங்கத்தில் மாமா மச்சான் இருக்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். அந்தத் தகப்பன் நடுத்தெருவில் தனியாக நின்றார். எனக்கு எழுதியதை இங்கே கீழே எழுதுங்கள். அவர் மகளிடம் போன் இருக்கிறது, அவள் படிப்பாள்.